வீட்டில் நாலு பேருக்கும் வைட்டமின் டி குறைவாம். குறைவு எங்களிடமா, அளவுகோலிலா?

இரவுப்பணிக்காரி:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வயது 38. ஏழு வருடமாக இரவுப் பணி. பொழுது சாயும்போது கிளம்பி, விடிகிற நேரத்தில் வீடு திரும்பி, ஜன்னல் திரையை இழுத்துவிட்டுத் தூங்குகிறவள். போன மாதம் வீட்டில் எல்லோரும் முழு உடல் பரிசோதனை செய்துகொண்டோம். வைட்டமின் டி எனக்கு 14, கணவருக்கு 18, மகனுக்கு 19, மாமனாருக்கு 17. எல்லாம் ஒரு மில்லிக்கு இத்தனை நானோகிராம் என்ற கணக்கு. நாலு தாளிலும் அந்த வரிக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம்.

எனக்குக் குறைவு என்றால் ஒப்புக்கொள்வேன். என் மேல் வெயில் பட்டு எத்தனை நாள் ஆகிறது என்று எனக்கே தெரியாது. ஆனால் மாமனார்? பதினைந்து வருடமாக ஒரு நாள் விடாமல் விடியற்காலை ஐந்தரைக்கு நடைக்குக் கிளம்புகிறவர். ஆறரைக்குள் திரும்பிவிடுவார். அவருக்கு 17 என்று சொன்னதும் தாளைக் கையில் வாங்கினார், பின்பக்கம் திருப்பிப் பார்த்தார், "இது வேற யாரோடதோ" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

எங்கள் பிரிவில் இதைச் சோதித்துக்கொண்டவர்கள் ஒன்பது பேர். எட்டுப் பேருக்குச் சிவப்பு நட்சத்திரம். வகுப்பே ஃபெயில் என்றால் பிள்ளைகளைத் திட்டுவதா, கேள்வித்தாளை எடுத்துப் பார்ப்பதா? இதுதான் என் முதல் சந்தேகம்.

இரண்டாவது. நாலு பேருக்கும் கால்சியம் நார்மல். என்னுடையது 9.1. நாம் சாப்பிடும் கால்சியத்தை உடம்புக்குள் இழுத்துக் கொடுப்பதுதானே இந்த வைட்டமினின் வேலை? கால்சியமே சரியாக இருக்கும்போது வைட்டமின் குறைந்தால் என்ன குடிமுழுகிப் போகிறது?

மூன்றாவது. ஷிப்டில் மூன்று மணிவாக்கில் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. பக்கத்து இருக்கைத் தோழி மக்னீசியம் குறைவு என்றாள். ஒரு பாட்டில் வரவழைத்து வைத்திருக்கிறேன், இன்னும் பிரிக்கவில்லை. போடலாமா? முடி கொட்டுவதற்கு ஏற்கெனவே ஒரு மாத்திரை போட்டுக்கொண்டிருக்கிறேன், அதைத் தவிர வேறு எதுவும் இல்லை.

---

மொட்டைமாடி:

இதெல்லாம் மாத்திரை விற்கிறவர்கள் கிளப்பிவிட்ட பூதம். நம் தாத்தா பாட்டி யார் வைட்டமின் டி சோதித்தார்கள்? காலை இளவெயிலில் பத்து நிமிடம் நின்றால் போதும். உங்கள் மாமனார் சொன்னதுதான் சரி, அது வேறு யாருடைய ரிப்போர்ட்டோ.

---

ஊதாமூடி:

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவன். டாக்டர் இல்லை. அந்த நட்சத்திரத்தைத் தாளில் அச்சடித்துக்கொண்டிருந்த ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாமனாரிலிருந்து ஆரம்பிக்கிறேன். ரிப்போர்ட் அவருடையதாகத்தான் இருக்கும். தோலில் வைட்டமின் டி உண்டாக்குவது சூரிய ஒளியில் ஒரு சிறு பகுதி மட்டும், புற ஊதா பி கதிர். அலைநீளம் ஏறக்குறைய 290 முதல் 315 நானோமீட்டர். சூரியன் அடிவானத்துக்குப் பக்கத்தில் இருக்கும்போது ஒளி காற்று மண்டலத்தைச் சாய்வாகக் கடந்து வருவதால், இந்தக் கதிரை வழியிலேயே ஓசோன் உறிஞ்சிக்கொள்கிறது. நம் மேல் விழுவது வெளிச்சமும் இதமான சூடும்தான். ஐந்தரை மணி நடை இதயத்துக்கு நல்லது, மூட்டுக்கு நல்லது, மனசுக்கு ரொம்ப நல்லது. வைட்டமின் டி கணக்கில் மட்டும் அது இருட்டில் நடந்ததுக்குச் சமம்.

மொட்டைமாடி நண்பருக்கும் இதே பதில்தான். இளவெயில் என்று நாம் ஆசையாகச் சொல்கிற வெயிலில் அந்தக் கதிர் அநேகமாக இருக்காது. ஒரு சுலபமான அடையாளம் சொல்கிறேன். உங்கள் நிழல் உங்களைவிட நீளமாக இருக்கிறதா, அந்தக் கதிர் அதிகம் வராது. உங்களைவிடக் குட்டையாகிவிட்டதா, வரத் தொடங்கிவிட்டது. நிலநடுக்கோட்டிலிருந்து தள்ளி இருக்கிற நாடுகளில் குளிர்காலம் முழுக்க நட்டநடுப் பகலில்கூட நிழல் குட்டையாவதில்லை. எத்தனை நிமிடம் என்று கேட்டால் எல்லோருக்கும் பொதுவாக ஒரு எண் கிடையாது. தோல் கறுப்பாக இருந்தால் கூடுதல் நேரம் ஆகும், வயதானால் இன்னும் கூடும். கண்ணாடி ஜன்னலுக்குள் உட்கார்ந்து காய்வது வீண், அந்தக் கதிரைக் கண்ணாடி நிறுத்திவிடும். அதற்காக மணிக்கணக்கில் காயவும் வேண்டாம். தேவைக்கு மேல் உண்டானதை உடைத்து வேறு பொருளாக மாற்றிவிடுகிற ஏற்பாடு தோலிலேயே இருக்கிறது. அதனால் வெயிலில் நின்று வைட்டமின் டி விஷமானதாகக் கிடையாது. தோல் கருகுவதுதான் மிச்சம்.

இப்போது கால்சியம். தங்கச்சி, உங்கள் மூன்று கேள்வியில் இதுதான் முக்கியமானது, இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள்.

உடம்பில் ஒரு கிலோ அளவுக்குக் கால்சியம் இருக்கிறது. அதில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும். ரத்தத்திலும் செல்லுக்கு வெளியே உள்ள நீரிலும் ஓடிக்கொண்டிருப்பது ஏறக்குறைய ஒரே ஒரு கிராம். இதயம் துடிப்பது, தசை சுருங்குவது, நரம்பு சேதி சொல்வது எல்லாம் அந்த ஒரு கிராமை நம்பித்தான். அதனால் உடம்பு அதைக் கீழே இறங்கவே விடாது. கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் அரிசி அளவில் நாலு சுரப்பிகள், பாராதைராய்டு என்று பெயர். கால்சியம் இம்மி குறைந்தாலும் அவற்றுக்குத் தெரிந்துவிடும். உடனே ஹார்மோனை இறக்கும். அது எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும், சிறுநீரில் போகிற கால்சியத்தைத் தடுத்துத் திருப்பும், பதிலுக்கு பாஸ்பரஸை வெளியே தள்ளும், சிறுநீரகத்தில் வைட்டமின் டியை வீரியமான வடிவத்துக்கு மாற்றச் சொல்லும்.

ஆக, உங்கள் 9.1 எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. சாப்பாட்டிலிருந்து வந்த 9.1 உண்டு, எலும்பை அடகு வைத்துக் கொண்டுவந்த 9.1 உண்டு. தாளில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். வைட்டமின் டி போதுமான அளவில் இருந்தால் உண்கிற கால்சியத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை குடல் எடுத்துக்கொள்ளும். ரொம்பக் குறைந்துவிட்டால் பத்தில் ஒரு பங்கு, கொஞ்சம் மேலே. மிச்சத்துக்கு எலும்புதான். வருடக்கணக்கில் இப்படி ஓடினாலும் கால்சியம் வரியில் நட்சத்திரம் விழாது.

சரி, அளவுகோல். உங்கள் சந்தேகம் நியாயமானது. 2010இல் அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் உட்கார்ந்து கணக்குப் போட்டது. எலும்புக்கு என்று பார்த்தால் 20 நானோகிராம் இருந்தால் நூற்றில் 97 பேருக்கும் மேல் போதும் என்றது. சராசரி ஆளுக்கு 16 போதும் என்பதும் அதே கணக்கில் இருந்தது. அடுத்த வருடமே எண்டோகிரைன் சொசைட்டி என்ற டாக்டர்கள் சங்கம், 20க்குக் கீழே பற்றாக்குறை, 30க்கு மேல் இருந்தால்தான் நிறைவு என்று இன்னொரு கோடு போட்டது. பரிசோதனைக் கூடங்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது கோட்டைப் பிடித்துக்கொண்டன. ஒரே ராத்திரியில் பாதி உலகம் நோயாளி ஆனது அப்படித்தான். கடைசியில் 2024இல் அதே சங்கம் தன் 20, 30 கோடுகளை இனி ஆதரிப்பதில்லை என்று சொல்லிவிட்டது. நோய்க்குறி எதுவும் இல்லாத பெரியவர்களுக்கு வழக்கமாக இதைச் சோதிக்கவும் வேண்டாம் என்றது.

இதைக் கதவு உயரம் மாதிரி யோசித்துப் பாருங்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் தலை இடிக்காமல் போகிற உயரத்துக்கு நிலை வைக்கச் சொல்கிறார்கள். அது கட்டடத்துக்கு நல்ல விதி. அதைவிட ஒரு அங்குலம் தாழ்ந்த வாசல் உள்ள வீட்டில் எல்லோர் மண்டையும் வீங்கியிருக்கும் என்று அதற்கு அர்த்தம் இல்லை. உங்கள் வீட்டு வாசல் 14, 17, 18, 19. யார் தலை இடிக்கிறது என்று தெரிய வேண்டுமானால் தலையைத் தடவிப் பார்க்க வேண்டும். அந்த வீக்கம்தான் பாராதைராய்டு ஹார்மோன். அது ஏறியிருந்தால், கூடவே அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதி ஏறி, பாஸ்பரஸ் இறங்கியிருந்தால், அந்த ஆளுக்கு அந்த வைட்டமின் டி போதவில்லை.

ஒரு எச்சரிக்கை. வைட்டமின் டியில் சோதிக்க வேண்டியது 25 ஹைட்ராக்சி என்கிற சேமிப்பு வடிவம். சிலர் ஆர்வத்தில் வீரிய வடிவமான கால்சிட்ரியாலைச் சோதித்துக்கொண்டு வருவார்கள். பற்றாக்குறை உள்ளவருக்கு அது நார்மலாக, சமயத்தில் கூடுதலாகவே காட்டும். பாராதைராய்டு சாட்டையைச் சுழற்றிக்கொண்டிருக்கும் அல்லவா. தாளைப் பார்த்துச் சந்தோஷமாக வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

---

இரவுப்பணிக்காரி:

அண்ணா, கதவு நிலைக் கணக்கை மாமனாரிடம் வாசித்துக் காட்டினேன். இரண்டு முறை வாசிக்கச் சொன்னார்.

பாராதைராய்டு நாங்கள் யாரும் சோதிக்கவில்லை, பேக்கேஜில் அது இல்லை. என் பாஸ்பரஸ் 2.7, அல்கலைன் பாஸ்பட்டேஸ் 141, அதற்குப் பக்கத்திலும் சின்னதாக ஒரு நட்சத்திரம் இருக்கிறது. ஈரல் சம்பந்தப்பட்டது என்று நினைத்து விட்டுவிட்டேன், மற்ற ஈரல் எண்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன. மாமனாருடையது 78.

வெளிநாட்டில் இருக்கிற தோழி தன் வைட்டமின் டி 45 என்கிறாள், அவளும் என் மாதிரி அறைக்குள்ளேயே இருக்கிறவள்தான். அது எப்படி?

மக்னீசியத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே. மாமனாருக்கு மக்னீசியம் 1.5 என்று போட்டிருக்கிறது, எனக்கு 2.0. அவர் நெஞ்செரிச்சலுக்குப் பல வருடமாக அமில மாத்திரை போடுகிறார். எனக்குக் கெண்டைக்கால் தவிர வேறு தொந்தரவு இல்லை. வயசாகிறது போல, கீழே உட்கார்ந்தால் முட்டியில் கை ஊன்றித்தான் எழுந்திருக்கிறேன், மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

---

ஊதாமூடி:

38 வயதில் வயசாகிறது என்று சொல்லாதீர்கள்.

"அவ்வளவுதான்" என்று கடைசியில் போட்டீர்களே, உங்கள் இரண்டு பதிவிலும் அதுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. கெண்டைக்கால் இழுப்பதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம், உட்கார்ந்தே வேலை செய்வது உட்பட. ஆனால் தரையிலிருந்து எழ முடியாமல் கை ஊன்றுவது, படியேறக் கைப்பிடி தேடுவது, இதெல்லாம் தொடையும் இடுப்பும் பலம் இழப்பது. எலும்பில் சுண்ணாம்பு சரியாக ஏறாமல் அது மென்மையாகிப் போகிற நிலைக்கு ஆஸ்டியோமலேசியா என்று பெயர். அதன் பழைய அடையாளங்களில் இதுவும் ஒன்று. குழந்தைக்கு வந்தால் ரிக்கெட்ஸ், காலே வளைந்து போகும். பெரியவர்களுக்கு எலும்பு வளராததால் பெரும்பாலும் வளையாது, வலியும் தளர்ச்சியுமாகத்தான் தெரியும். "அசதி", "முதுகுவலி" என்று சொல்லியே வருடங்கள் போய்விடும். உங்கள் பாஸ்பரஸ் அடிமட்டத்தில், அல்கலைன் பாஸ்பட்டேஸ் கோட்டுக்கு மேல். அந்தச் சின்ன நட்சத்திரத்தை விட்டுவிட்டீர்கள், நான் பார்த்திருந்தால் பெரிய நட்சத்திரத்தை விட்டுவிட்டு அதைத்தான் பிடித்திருப்பேன். எலும்பு செல்லும் அதைச் சுரக்கும், ஈரல் மட்டும் இல்லை. தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள். நான் நினைப்பது தவறாகவும் இருக்கலாம், ஆனால் பாராதைராய்டு பார்த்தே ஆக வேண்டும்.

போவதற்கு முன் ஒரு வேலை. அந்த முடி மாத்திரை பயோட்டின் என்ற பி வைட்டமினாக இருக்கும், அட்டையைப் பாருங்கள். நிறைய இயந்திரங்களில் ஹார்மோன், வைட்டமின் சோதனைகள் எல்லாம் பயோட்டின் ஒட்டுகிற விதத்தை வைத்துத்தான் நடக்கின்றன. மாத்திரையிலிருந்து வந்த பயோட்டின் ரத்தத்தில் மிதந்தால் இயந்திரம் குழம்பிவிடும். அந்த வகை முறையில் வைட்டமின் டி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும், பாராதைராய்டு உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். அதாவது இரண்டு பொய்யும் உங்களை நலமாக இருப்பதாகவே காட்டுகிற பக்கம். ரத்தம் எடுப்பதற்குச் சில நாள் முன்பே நிறுத்துங்கள், எத்தனை நாள் என்று அந்தக் கூடத்திலேயே கேளுங்கள், அவர்கள் இயந்திரம் அவர்களுக்குத் தெரியும்.

தோழியின் 45 பெரும்பாலும் நானோமோல் கணக்கு. பல நாடுகளில் லிட்டருக்கு நானோமோல் என்று போடுவார்கள். இரண்டரையால் வகுத்தால் நம் நானோகிராம், 18. அவளும் உங்கள் கணவரும் ஒரே படியில் நிற்கிறார்கள்.

மக்னீசியம். மொத்த உடம்பிலும் 25 கிராம் அளவில் இருக்கிறது, பாதிக்கு மேல் எலும்பில். ரத்த நீரில் ஒரு சதவீதம்கூடக் கிடையாது. அதனால் தாளில் நார்மல் என்று வந்தாலும் உள்ளிருப்பு எவ்வளவு என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் தாளிலேயே குறைந்துவிட்டால் அலட்சியப்படுத்தக் கூடாது. பாராதைராய்டு ஹார்மோனைச் சுரக்கவே மக்னீசியம் வேண்டும். ரொம்ப இறங்கிவிட்டால் அந்தச் சுரப்பி ஊமையாகிவிடும். கால்சியம் விழும், எவ்வளவு கால்சியம் கொடுத்தாலும் நிற்காது, முதலில் மக்னீசியத்தை நிரப்பினால்தான் நிமிரும். வைட்டமின் டியை ஈரலும் சிறுநீரகமும் மாற்றுகிற நொதிகளுக்கும் அது வேண்டும். மாமனாருடைய 1.5 குறைவுதான், அது எங்கிருந்து வருகிறது என்பதற்கு அந்த அமில மாத்திரைதான் என் முதல் சந்தேகம். பிரசோல் என்று முடிகிற வகையாக இருந்தால், வருடக்கணக்கில் போடுகிறவர்களுக்கு மக்னீசியம் குறையும் என்று அமெரிக்க மருந்துத் துறையே 2011இல் எச்சரித்திருக்கிறது. உங்கள் வீட்டில் வைட்டமின் டி நட்சத்திரம் நாலு இருந்தும், மாமனார் விஷயத்தில் பார்க்க வேண்டிய வரி அதற்குக் கீழே இருந்திருக்கிறது. அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

உங்கள் மக்னீசியம் 2.0, நார்மல். அந்தப் பாட்டில் உங்களுக்கு எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. அதற்காக அதை மாமனாருக்குக் கொடுத்துவிடாதீர்கள், சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று பார்க்காமல் வயதானவருக்கு மக்னீசியம் கொடுக்கக் கூடாது.

என் பெயரைப் பற்றி ஒருவர் தனிச்செய்தியில் கேட்டிருந்தார். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். ஒரு நாள் சாயங்காலம் ஒரு பெண்மணிக்குக் கால்சியம் 4.9, பொட்டாசியம் 11 என்று வந்தது. மக்னீசியமும் அல்கலைன் பாஸ்பட்டேஸும் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. எனக்குக் கை நடுங்கிவிட்டது. அந்த எண்கள் உள்ள மனுஷி பிழைத்திருக்கவே முடியாது. வெளியே எட்டிப் பார்த்தால் பெஞ்சில் உட்கார்ந்து பக்கத்தில் இருந்தவரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார். நடந்தது என்னவென்றால், சீரம் குழாயில் ரத்தம் போதவில்லை என்று நான்தான் ஊதா மூடிக் குழாயிலிருந்து கொஞ்சம் ஊற்றி நிரப்பியிருக்கிறேன். ஊதா மூடிக்குள் ரத்தம் உறையாமல் இருக்க பொட்டாசியம் ஈடிடிஏ என்ற உப்பு பூசியிருப்பார்கள். அது கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கவ்விக்கொள்ளும், தன் பொட்டாசியத்தைக் கொட்டிவிடும். மன்னிப்புக் கேட்டு மறுபடி ரத்தம் எடுத்தேன். 9.4. அன்றிலிருந்து கூடத்தில் எனக்கு அதுதான் பெயர்.

---

மூன்றாவதுமகன்:

ஊதாமூடி சார் சொல்லாமல் விட்ட பக்கம் ஒன்று இருக்கிறது, அதை நான் சொல்கிறேன், எங்கள் வீட்டில் நடந்தது.

அப்பாவுக்கு வைட்டமின் டி 12 என்று வந்து, 60,000 யூனிட் மாத்திரை வாரம் ஒன்று என்று எழுதிக் கொடுத்தார்கள். சீட்டில் இருந்த எழுத்து யாருக்கும் புரியவில்லை. மற்ற மாத்திரைகளோடு சேர்த்து அதையும் தினம் ஒன்றாகப் போட்டிருக்கிறார். தீரத் தீர அவரே வாங்கிக்கொண்டார். கிட்டத்தட்ட மூன்று மாதம். முதலில் மலச்சிக்கல். அப்புறம் தாகம், ராத்திரி நாலு ஐந்து தடவை எழுந்து போவார். சர்க்கரை வந்துவிட்டதோ என்று பார்த்தோம், இல்லை. சாப்பாடு பிடிக்கவில்லை. ஒரு நாள் காலை என்னை என் பெரியப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். தூக்கிக்கொண்டு ஓடினோம். கால்சியம் 13.6, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுகிற கிரியேட்டினின் 2.4, இரண்டுமே கூடுதல். வைட்டமின் டி சோதனையில் எண்ணே வரவில்லை, "150க்கு மேல்" என்று மட்டும் வந்தது.

பெரிய டாக்டர் ஒருவர்தான் மாத்திரைப் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். எட்டு நாள் டிரிப். கால்சியம் இறங்கியதும் ஆள் தெளிந்துவிட்டார், ஆனால் வைட்டமின் டி கொழுப்பில் போய் உட்கார்ந்துகொள்ளுமாம், நார்மலுக்கு வர ஐந்து மாதம் ஆனது. சிறுநீரகம் முழுசாகத் திரும்பவில்லை.

யாரையும் குறை சொல்ல எழுதவில்லை. நானும்தான் தினம் அந்தப் பெட்டியைப் பார்த்தேன்.

---

மொட்டைமாடி:

பாருங்கள், நான் சொன்னேன் அல்லவா? வெயிலும் நேரம் பார்த்து, மாத்திரையும் நேரம் பார்த்து என்றால் மனிதன் என்னதான் செய்வது?

---

ஊதாமூடி:

மூன்றாவதுமகன், வாசிக்கவே கஷ்டமாக இருக்கிறது. வாரம் ஒன்று மாத்திரைகளில் இது எங்கும் நடக்கிற தவறு. அப்பா இப்போது நன்றாக இருக்கட்டும்.

மொட்டைமாடி, நீங்கள் பாதி சரி, அதை மறைக்க மாட்டேன். குறைவு இருக்கிறதா என்று பார்த்துப் பொறுக்காமல் பொதுவாக மாத்திரை கொடுத்தால் என்ன லாபம் என்று அமெரிக்காவில் வைட்டல் என்ற ஆய்வில் 25,871 பேரை ஐந்து வருடத்துக்கும் மேல் பார்த்தார்கள். தினம் 2,000 யூனிட். புற்றுநோய் வருவதும் மாரடைப்பும் குறையவில்லை, 2022இல் வெளியான கணக்கில் எலும்பு முறிவும் குறையவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், அதில் சேர்ந்தவர்களின் சராசரியே ஆரம்பத்தில் 30க்கு மேல். நிறைந்த குடத்தில் ஊற்றிப் பார்த்தார்கள். ஆஸ்திரேலியாவில் எழுபது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு வருடத்துக்கு ஒரே தடவை ஐந்து லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்தார்கள், 2010இல் முடிவு வந்தது. மாத்திரை கிடைத்தவர்கள்தான் அதிகம் விழுந்தார்கள், அதிகம் முறித்துக்கொண்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் போக வேண்டியதை மொத்தமாகக் கொட்டினால் எலும்பு நன்றி சொல்வதில்லை.

தங்கச்சியுடைய கதை வேறு. வெறும் குடத்தை வைத்துக்கொண்டு, மற்றவர்கள் குடம் நிறைந்திருந்த ஆய்வைப் பார்த்துச் சமாதானம் ஆகக் கூடாது.

---

இரவுப்பணிக்காரி:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். கேட்டுவிட்டுக் காணாமல் போனவள் என்று நினைத்திருப்பீர்கள்.

முடி மாத்திரை அட்டையில் பயோட்டின் 10 மில்லிகிராம் என்று இருந்தது. ஒரு வாரம் நிறுத்திவிட்டுத்தான் ரத்தம் கொடுத்தேன். வைட்டமின் டி 8. பாராதைராய்டு 112, அவர்கள் மேல் எல்லை 65. பாஸ்பரஸ் 2.4. டாக்டர் என்னை நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழச் சொன்னார். மூன்று தடவை முயன்றேன், ஒரு தடவைதான் வந்தது. எனக்கே வெட்கமாகிவிட்டது. "எத்தனை நாளா இப்படி?" என்று கேட்டார். மாடி வீட்டுக்குக் குடிவந்ததிலிருந்து என்று சொன்னேன், அதற்கு முன்னால் ஏறுவதற்குப் படியே இல்லையே.

வாரம் ஒன்று, எட்டு வாரம், அப்புறம் தினசரி சின்ன அளவு. கூடவே கால்சியம், சாப்பாட்டோடு. மூன்றாவதுமகன் எழுதியதைப் படித்த பிறகு எட்டு மாத்திரைக்கும் அட்டையிலேயே தேதி எழுதி வைத்துவிட்டேன், மகனிடமும் காட்டிவிட்டேன். நாலு முடிந்தது. படியில் கைப்பிடியைப் பிடிக்கிறேன், ஆனால் இழுப்பதில்லை. கெண்டைக்கால் மட்டும் பழையபடிதான் பிடிக்கிறது.

கணவருக்கும் மகனுக்கும் பாராதைராய்டு நார்மல். கணவருக்கு ஒன்றும் வேண்டாம் என்றார். மகன் வளர்கிற பிள்ளை என்பதால் தினசரி சின்ன அளவு கொடுத்திருக்கிறார்.

மாமனாருக்குப் பாராதைராய்டு 38, வைட்டமின் டி மறுபடி பார்த்தபோதும் 17தான். மக்னீசியம் 1.4. கிரியேட்டினின் சரியாக இருந்தது. அமில மாத்திரையை நிறுத்தி டாக்டர் வேறு வகைக்கு மாற்றியிருக்கிறார், மக்னீசியத்துக்குத் தனியாக எழுதிக் கொடுத்திருக்கிறார், அடுத்த மாதம் மறுபடி பார்க்க வேண்டும். "ரிப்போர்ட் என்னோடதுதானா?" என்று மாமனார் டாக்டரிடமும் கேட்டுவிட்டார்.

ஐந்தரை நடையை அவர் விடவில்லை. ஆனால் பத்தரை மணிக்கு இன்னொரு தடவை கைத்தடியோடு வாசலில் இறங்குகிறார். தடியைத் தரையில் நட்டு, நிழல் நுனியில் செருப்பை வைத்து, தடியைப் படுக்க வைத்து அளந்து பார்க்கிறார். தூக்கக் கலக்கத்தில் எனக்குக் கீழிருந்து குரல் கேட்கும், "இன்னும் நாலு விரல் இருக்கு". கொஞ்ச நேரம் கழித்து, "ஆச்சு".

மக்னீசியம் பாட்டில் இன்னும் பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது. திருப்பி அனுப்புகிற கெடு போன வாரம்தான் முடிந்தது.